பட்டறைக் கதவு டெட்போல்ட் மாட்டிக்கொண்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் லேத், வெல்டிங், மரவேலைப் பட்டறைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் எங்கள் ஹார்டுவேர் கடை இருக்கிறது. "பூட்டு போச்சுங்க, புதுசு ஒண்ணு குடுங்க" என்று வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டால், பலருக்குப் புதுப் பூட்டே தேவைப்படாது. கதவு இறங்கியிருக்கும், கீல் ஆடும், நிலையில் நாக்கு நுழையும் ஓட்டையில் மரத்தூள் அடைத்திருக்கும். பழி மட்டும் பூட்டின் மேல். கவுண்டரில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

1. "டெட்போல்ட்னா எதுங்க? எங்க பட்டறைக் கதவுல இருக்கறது அதுதானா?"

கதவு விளிம்பிலிருந்து நீண்டு நிலைக்குள் போகும் இரும்புக் கட்டையை நாக்கு என்போம். கதவைச் சாத்தியதும் 'டக்' என்று தானாக விழுகிற சரிவான நாக்கு லாட்ச். அதன் பின்னால் ஸ்பிரிங் இருக்கும், தள்ளினால் உள்ளே போகும். டெட்போல்ட்டின் நாக்கு சதுரமாகவோ உருண்டையாகவோ நேராக இருக்கும். ஸ்பிரிங் கிடையாது. வெளியே சாவி, உள்ளே குமிழ், இரண்டில் ஒன்றைத் திருப்பினால்தான் நகரும்.

கதவின் உள்பக்கம் பெட்டி மாதிரி திருகி வைத்திருந்தால் அது ரிம் லாக். கதவின் கனத்துக்குள்ளேயே புதைத்திருந்தால் மார்ட்டிஸ். கதவில் வட்டமாகத் துளை போட்டு மாட்டும் ரகமும் உண்டு. மூன்றிலும் டெட்போல்ட் வரும். இந்தப் பக்கத்தில் சொல்வது பெரும்பாலும் மூன்றுக்கும் பொருந்தும். மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

2. "சாவி உள்ள போகுது, ஆனா திரும்பவே மாட்டேங்குது. இப்ப வெளியதான் நிக்கறேன், என்ன பண்ணட்டும்?"

முதலில் கட்டிங் பிளையரைக் கீழே வையுங்கள். இரண்டு விரல் பிடியில் திரும்பாத சாவி பிளையர் போட்டால் திரும்பாது, முறியும். சாவி முறிந்தால் இருக்கிற ஒரு பிரச்சினை இரண்டாகும்.

சாவியை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் கதவை அசையுங்கள். கைப்பிடியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். திரும்பாவிட்டால் தோளால் தள்ளிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கதவை மேலே தூக்கிப் பாருங்கள். நாக்கு நிலைத் தகட்டில் (நாக்கு நுழையும் ஓட்டையைச் சுற்றி நிலையில் மாட்டியிருக்கும் தகடு) எந்தப் பக்கம் அழுத்திக்கொண்டிருக்கிறதோ, அந்த அழுத்தம் விலகிய நொடியில் சாவி வெண்ணெயாகத் திரும்பும். கனமான கதவென்றால் துணைக்கு ஒருவரை அழைத்து, கதவின் அடியில், பூட்டு இருக்கும் பக்கமாகக் கடப்பாரையை நுழைத்து, ஒரு மரத்துண்டின் மேல் தாங்கி, இரண்டு மூன்று மி.மீ. நெம்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் சாவியைத் திருப்புங்கள்.

எந்த அசைவுக்குத் திறந்தது என்பதை நினைவில் வையுங்கள். தூக்கியபோது திறந்தால் கதவு இறங்கியிருக்கிறது. இழுத்தோ தள்ளியோ திறந்தால் கதவு கோணியிருக்கிறது, அல்லது நிலைத் தகடு நகர்ந்திருக்கிறது. கீழே சொல்லப்போகும் வைத்தியமெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

3. "பூட்டுல கோளாறா, கதவுல கோளாறா? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஒரு வழியாகத் திறந்தாயிற்றா? கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு சாவியைப் போட்டு நாக்கை வெளியே விடுங்கள், உள்ளே இழுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். வெளிப்பக்கம் சாவியாலும் உள்பக்கம் குமிழாலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள்.

திறந்த கதவில் நாக்கு வழுக்கிக்கொண்டு போய் வந்து, சாத்திய கதவில் மட்டும் மாட்டுகிறது என்றால் பூட்டு நல்ல பூட்டு. காசு கொடுத்து அதை மாற்றினாலும் புதுசும் அப்படியேதான் மாட்டும். திறந்த கதவிலும் இறுக்கம் என்றால் பூட்டைப் பார்க்க வேண்டும். குமிழுக்குச் சுலபமாகத் திரும்பி, சாவிக்கு மட்டும் திரும்பவில்லை என்றால் சிலிண்டரிலோ (சாவி நுழைந்து திரும்பும் பகுதி) சாவியிலோ கோளாறு. இரண்டுக்குமே இறுக்கம் என்றால் பூட்டின் உடம்புக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது.

4. "எண்ணெய் விடலாம்ல? தேங்காய் எண்ணெய் விட்டேன், ரெண்டு நாள் ஜம்முனு இருந்துச்சு."

இரண்டு நாள் ஜம்மென்றுதான் இருக்கும். அப்புறம் பட்டறைத் தூசி முழுக்க அந்த எண்ணெயில் ஒட்டும். மரப்பட்டறையில் மரத்தூள், லேத் பட்டறையில் கிரைண்டிங் பொடி. எண்ணெயும் தூளும் சேர்ந்து உள்ளே கருப்பாகக் களிம்பு கட்டிவிடும். அந்தக் களிம்பில் சிலிண்டருக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பின்கள் ஏறி இறங்காமல் நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சரக்கு வேறு. மார்கழிக் காலையில் நம் ஊரில் பூட்டுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். சமையல் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், கிரீஸ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சாவித் துவாரத்துக்கு உலர்ந்த பொருள்தான் சரி. கிராஃபைட் பொடி கிடைத்தால் கொஞ்சம் ஊதிவிட்டு, சாவியை நாலைந்து தடவை நுழைத்து எடுங்கள். அவசரத்துக்கு 4பி, 6பி மாதிரி மெத்தான பென்சிலைச் சாவியின் பல்லிலும் பக்கத்திலும் நன்றாகத் தேய்த்து நுழைத்தாலும் வேலை செய்யும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போடாதீர்கள், களிம்பு இன்னும் கெட்டியாகும். உலர்ந்த வகை பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே கிடைத்தால் அதுவும் நல்லது. கதவு விளிம்பில் தெரிகிற நாக்குக்கு மட்டும் துளி கிரீஸ் தடவலாம், அதையும் துணியால் துடைத்துவிட்டு.

5. "அப்ப டபிள்யூடி-40?"

அது 1953இல் ஈரத்தை விலக்குவதற்காக உருவான திரவம். பெயரிலிருக்கும் முதல் இரண்டு எழுத்துக்கும் அதுதான் பொருள், 40 என்பது நாற்பதாவது முயற்சியில் வந்த கலவை என்பதற்காக. பழைய களிம்பைக் கரைத்துக் கழுவ நன்றாக உதவும். அடித்துவிட்டு, சாவியை நுழைத்து, வெளியே எடுத்து, சாவியில் வரும் கருப்பைத் துடைத்து, சாவி சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். ஒரு நாள் காயவிட்டு அப்புறம் உலர்ந்த பொருளைப் போடுங்கள். வாரம் ஒரு தடவை இதையே அடித்து வண்டியை ஓட்டினால் நாலாவது கேள்வியின் கதைதான்.

6. "ஐப்பசி கார்த்திகையில மட்டும் மாட்டுது, சித்திரையில சரியாயிடுது. பூட்டுக்கு எதுக்கு மழை வெயில்?"

பூட்டுக்கு இல்லை, மரத்துக்கு. மரம் ஈரத்தை இழுத்தால் நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது, குறுக்கே அகலும். அதனால் கதவு உயரத்தில் மாறாமல் அகலத்தில் பருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த சந்து காணாமல் போகிறது. நாம் கதவை உதைத்துச் சாத்துகிறோம். நாக்கு நிலைத் தகட்டின் ஓரத்தில் இறுகுகிறது.

இதில் ஆத்திரப்பட்டு இழைப்புளியைப் போட்டுவிடாதீர்கள். மழையில் தாராளமாக இழைத்த கதவு பங்குனியில் விரல் நுழையும் சந்தோடு நிற்கும். அந்தச் சந்தில் நாக்கு நிலைக்குள் நுழையும் ஆழமும் குறைந்துபோகும். எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும், ஒரு பழைய போஸ்ட் கார்டு தடையில்லாமல் ஓடும் அளவுக்கு இழைத்தால் போதும். அதைவிட முக்கியம் கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும். பெயிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு விளிம்புகளையும் விட்டுவிடுவார்கள், ஈரம் ஏறுவதே அது வழியாகத்தான். வெயில் காலத்தில் மரம் காய்ந்திருக்கும்போது கதவைக் கழற்றி, இரண்டு விளிம்புக்கும் பிரைமரும் பெயிண்ட்டும் இரண்டு கோட் கொடுங்கள். ஃப்ளஷ் டோர் என்றால் இது கட்டாயம்.

7. "எங்களது இரும்புத் தகட்டுக் கதவு. காலையில பூ மாதிரி திறக்குது, மத்தியானம் மட்டும் பிடிக்குது."

மேற்குப் பார்த்த கதவாக இருக்குமே? இரும்பு சூட்டில் நீளும். 2 மீட்டர் உயரக் கதவு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.7 மி.மீ. நீளும். சுவரில் புதைந்த நிலை அந்த அளவுக்குச் சூடேறாது. போதாததற்கு வெயில் படும் முகம் மட்டும் சூடாகி, கதவு லேசாக வில் போல வளையும். நாக்குக்கும் தகட்டுக்கும் அரை மி.மீ. சந்துதான் விட்டிருந்தால் அது போதும் மாட்ட.

உடனே திறக்க, ஈரச் சாக்கைக் கதவின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் குளிரவிட்டு, இரண்டாவது கேள்வியில் சொன்னபடி அசைத்துத் திறங்கள். நிரந்தரத்துக்கு, நிலையில் இருக்கும் ஓட்டையைச் சுற்றி ஒன்றரை மி.மீ. சந்து வரும்படி ராவிவிடுங்கள். கருநிறப் பெயிண்ட் அடித்த கதவென்றால் அடுத்த முறை வெளிர் நிறம் அடியுங்கள்.

8. "கதவு இறங்கிடுச்சுன்னு நீங்க சொன்னபடியே கண்டுபிடிச்சுட்டேன். இதுக்கு ஆசாரியைக் கூப்பிடணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கம் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கண் மேல் கீலின் மேல் இருக்கட்டும். கீலின் தகடு நிலையை விட்டு விலகி விலகி ஒட்டுவது தெரியும். கதவின் பாரத்தில் வெளியே இழுபடுவது மேல் கீல்தான், அதனால் முதலில் தளர்வதும் அதுதான்.

ஸ்க்ரூவை இறுக்கினால் பிடிக்கிறதா? வேலை முடிந்தது. சும்மா சுற்றுகிறதா? ஓட்டை தின்றுபோயிருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றி, மூங்கில் சிராயை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறைய அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மேலாக அறுத்துவிட்டு, சின்ன பிட்டால் வழித்துளை போட்டுத் திரும்ப முடுக்குங்கள். வெறும் தீக்குச்சியைத் திணித்து முடுக்கினால் ஆடி வரைக்கும்கூட வராது. நிலை கனமாக இருந்தால் பழைய ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டரை அங்குல ஸ்க்ரூ போடுவது இன்னும் நல்லது.

கீலெல்லாம் உறுதியாக இருந்தும் கதவு இறங்கியே இருக்கிறதென்றால், கீழ்க் கீலின் தகட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைத் துண்டோ மெல்லிய தகடோ வைத்து முடுக்குங்கள். கதவின் அடிப்பாகம் வெளியே தள்ளப்பட்டு, பூட்டுப் பக்கம் மேலே ஏறும். மேல் கீலுக்குப் பின்னால் வைத்துவிட்டு "இன்னும் இறங்கிடுச்சே" என்று வருகிறவர்களும் உண்டு.

9. "நிலைத் தகட்டை ராவணும்னு சொல்றீங்க. எந்தப் பக்கம், எவ்வளவு?"

நாக்கே சொல்லும். நாக்கின் நுனியிலும் நான்கு பக்கத்திலும் ஒரு துளி எண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தடவுங்கள். ஃபிட்டர்கள் மார்க்கிங் ப்ளூ வைத்திருந்தால் அது இன்னும் நேர்த்தி. கதவைச் சாத்தி, நாக்கை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு விட்டு, இழுத்து, கதவைத் திறந்து தகட்டைப் பாருங்கள். சிவப்பு எந்த ஓரத்தில் பட்டிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. கீழ் ஓரத்தில் பட்டிருந்தால் கதவு இறங்கியிருக்கிறது. அப்போது அரத்தை எடுப்பதற்கு முன்னால் எட்டாவது பதிலுக்குப் போய்விட்டு வாருங்கள். ஆடும் கீலுக்கு ஏற்ப ஓட்டையை ராவிக்கொண்டே போனால், ஓட்டை நீள்வட்டமாகி, கதவைச் சாத்தினாலும் லொடலொடவென்று ஆடும்.

ஒன்றிரண்டு மி.மீ. என்றால் தகட்டைக் கழற்றி வைஸில் பிடித்துத் தட்டையரத்தால் ராவுங்கள். கதவிலேயே வைத்து ராவினால் இரும்புப்பொடி ஓட்டைக்குள் விழும். மூன்று மி.மீ.க்கு மேல் என்றால் தகட்டையே நகர்த்தி மாட்டுவது மேல். பழைய ஸ்க்ரூ ஓட்டையைச் சிராய் வைத்து அடைக்காமல் பக்கத்தில் புது ஓட்டை போட்டால், ஸ்க்ரூ வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். ரிம் லாக்கில் தகட்டுக்குப் பதிலாக நிலையில் ஒரு பெட்டி இருக்கும். அதன் வாயை ராவுவதைவிடப் பெட்டியை நகர்த்துவது சுலபம்.

10. "ஒரு சுத்து வருதுங்க, ரெண்டாவது சுத்து போகவே மாட்டேங்குது."

இரண்டு சுற்றுப் பூட்டில் முதல் சுற்றுக்கு நாக்கு பாதி, இரண்டாவதுக்கு முழுசும் வெளியே வரும். பகலில் சாப்பிடப் போகும்போது ஒரு சுற்று, ராத்திரி இரண்டு சுற்று என்று பழகியிருப்பீர்கள். இரண்டாவது மட்டும் முட்டினால் நிலையின் ஓட்டையில் ஆழம் போதவில்லை. ஒரு பென்சிலை ஓட்டைக்குள் விட்டு அளந்து, நாக்கின் முழு நீளத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். மரப்பட்டறையில் அநேகமாக உள்ளே இழைப்புத் தூள் இடித்து வைத்த மாதிரி இறுகியிருக்கும். கட்டடம் புதிதென்றால் சிமெண்ட் கலவை. ஸ்க்ரூடிரைவரால் குடைந்து வெளியே எடுங்கள்.

இதை "பரவாயில்லை, ஒரு சுற்றே போதும்" என்று விட்டுவிடக் கூடாது. பல பூட்டுகளில் நாக்கு முழுசும் வெளியே வந்தால்தான் உள்ளே பூட்டிக்கொள்ளும். பாதியில் நிற்கும் நாக்கை நெம்பித் தள்ள முடியும், அப்புறம் அது பேருக்குத்தான் டெட்போல்ட்.

11. "சாவியே உள்ள போகலைங்க. பாதியில நிக்குது."

பட்டறை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்ததா? அப்படியானால் குளவி. சாவித் துவாரம் அளவான ஓட்டை அதற்கு ரொம்பப் பிடிக்கும், மண் உருண்டையைக் கொண்டுவந்து அடைத்துவிடும். டார்ச் அடித்தால் செம்மண் நிறத்தில் தெரியும். சாவியால் குத்தி உள்ளே தள்ளாதீர்கள். நுனி வளைத்த மெல்லிய கம்பியால் வெளிப்பக்கமாகச் சுரண்டி எடுங்கள், வேக்குவம் கிளீனர் இருந்தால் குழாயை வைத்து உறிஞ்சுங்கள்.

கம்ப்ரஸர் காற்றை வெளியிலிருந்து துவாரத்துக்குள் அடிப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. தூசி முழுக்க இன்னும் உள்ளே போய் உட்காரும், கம்ப்ரஸர் தண்ணீரும் கூடவே போகும். சிலிண்டரைக் கழற்றிவிட்டால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடிக்கலாம், கண்ணாடி போட்டுக்கொண்டு.

12. "ஒரிஜினல் சாவி திறக்குது, பையன் வெச்சிருக்கற டூப்ளிகேட் மாட்டுது."

டூப்ளிகேட்டைப் பார்த்து எடுத்த டூப்ளிகேட்டாக இருக்கும். ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் கூடும். 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய 'பின் (pin) சிலிண்டர்' முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான கதவுகளில் இருக்கிறது. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு பின்னைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுற்றும். கால் மி.மீ. பிசகினாலும் ஒரு பின் பிடித்துக்கொள்ளும்.

சோதிக்க ஒரு வழி: சாவியை முழுசும் நுழைத்து, மயிரிழை வெளியே இழுத்துத் திருப்புங்கள். திரும்பினால் சாவிதான் குற்றவாளி. தேயாத ஒரிஜினலை வைத்து நகல் எடுங்கள். பக்கவாட்டில் குழிகுழியாக இருக்கும் 'கம்ப்யூட்டர் சாவி' என்றால் அதற்கான மெஷின் இருக்கும் கடையில் மட்டும் எடுங்கள்.

13. "சாவி உள்ளயே முறிஞ்சுபோச்சு. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி இழுக்கலாம்னு யூடியூப்ல பாத்தேன்."

வேண்டவே வேண்டாம். பசை பின்களில் இறங்கினால் சிலிண்டரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மீதித் துண்டைத் திரும்ப உள்ளே நுழைத்தும் பார்க்காதீர்கள், முறிந்த பகுதி இன்னும் ஆழம் போகும்.

முதலில் துவாரம் சாவி நுழையும் நிலையில் நிற்கிறதா பாருங்கள். சாவி பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால் பின்கள் அதை விடாது, சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் உருளையை மெல்லப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். டபிள்யூடி-40 கொஞ்சம் அடியுங்கள். ஃப்ரெட் சா பிளேடு மாதிரி மெல்லிய ரம்பத் துண்டை, பல் உங்கள் பக்கம் கொக்கியாக நிற்கும்படி, சாவியின் பல் வெட்டு இருக்கும் ஓரமாக நுழைத்து, லேசாகத் திருப்பிப் பிடித்து இழுங்கள். நுனி கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்ததும் மூக்குக் குறடால் பிடித்துவிடலாம். துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் புதுச் சாவி வெட்ட முடியும்.

14. "சாவி சும்மா சுத்திக்கிட்டே இருக்கு, நாக்கு அசையக் காணோம்."

இது மட்டும் உண்மையிலேயே பூட்டுக் கோளாறு. ரிம் லாக்கில் வெளி சிலிண்டரின் பின்னால் ஒரு தட்டைக் கம்பி நீண்டு பூட்டின் உடம்புக்குள் போகும். அது முறிந்திருக்கும், அல்லது சிலிண்டரின் ஸ்க்ரூ தளர்ந்து கம்பி கழன்றிருக்கும். மார்ட்டிஸில் சிலிண்டரின் நடுவில் நாக்கைத் தள்ளும் சின்னக் காது உடைந்திருக்கும். உள்ளே இன்னொரு வாசல் வழியாகப் போக முடிந்தால் குமிழைத் திருப்பித் திறந்துவிடலாம்.

மார்ட்டிஸ் சிலிண்டரை மாற்றுவது சுலபம். கதவைத் திறந்து, விளிம்பில் நாக்குக்குக் கீழே இருக்கும் ஒற்றை நீள ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டுச் சிறிது திருப்பினால் அந்தக் காது சிலிண்டரோடு ஒன்றிக்கொள்ளும், அந்த இடத்தில் சிலிண்டர் முழுசாக வெளியே வழுக்கி வரும். காது உடைந்திருந்தால் கொஞ்சம் ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியிருக்கும்.

15. "புதுப் பூட்டு மாட்டினதுல இருந்தே இறுக்கமா இருக்கு. மாட்டினவர் பழகப் பழகச் சரியாயிடும்னாரு."

பழகாது. கைப்பிடித் தகடுகளை இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கும் நீள ஸ்க்ரூக்களை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். பேட்டரி டிரில்லால் முடுக்கியவை அளவுக்கு மீறி இறுகி, பூட்டின் உடம்பை நசுக்கும். தளர்த்தியதும் வழுக்கினால் அவ்வளவுதான் விஷயம். அப்படியும் தீராவிட்டால் மரத்தில் குடைந்த குழி கோணலாக இருக்கும், பூட்டை எடுத்துக் குழியின் ஓரங்களை உளியால் கொஞ்சம் அகட்ட வேண்டும்.

பெயிண்ட் அடித்த பிறகு மாட்டுகிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாக்கின் மேலும் தகட்டின் வாயிலும் எனாமல் கட்டியிருக்கும். தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, கட்டியை பிளேடால் சுரண்டினால் போதும்.

16. "வெள்ளத்துல மூழ்கின பூட்டு. காய்ஞ்சதும் தானா சரியாயிடுமா?"

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது பூட்டுக்குள் போனது தண்ணீர் மட்டுமில்லை, வண்டலும். காய்ந்தால் அது களிமண்ணாகக் கெட்டியாகிவிடும். காய விடாமல் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்து, ஐந்தாவது பதிலில் சொன்னபடி ஈரத்தை விலக்கி, கடைசியில் உலர்ந்த பொருள் போடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வெள்ளம் வராவிட்டாலும் வருஷம் ஒரு தடவை இதைச் செய்வது நல்லது, உப்புக்காற்று சும்மா விடாது.

17. "ஆர்டர் அவசரம். ஒண்ணும் திறக்கல. கிரைண்டர்ல நாக்கை அறுத்துடலாமா?"

அறுப்பதற்கு முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பட்டறைக் கதவுக்குப் பின்னால் தின்னர் டின், மரத்தூள் குவியல், காஸ் சிலிண்டர், பாலிஷ் துணி என்று ஏதாவது ஒன்று இருக்கும். கிரைண்டர் தீப்பொறி சந்து வழியாக நேரே உள்ளேதான் போகும். உள்ளே தின்னர் வாசனை வந்தால் கிரைண்டரைத் தொடவே கூடாது. நிச்சயமாக அறுத்தே ஆக வேண்டுமென்றால் எரிகிற பொருள் எதுவும் உள்ளே இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும், வாளித் தண்ணீரும் ஒரு ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும், அறுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் புகை வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். மரத்தூள் உடனே எரியாது, கனன்றுகொண்டிருந்துவிட்டு அப்புறம் பற்றும்.

கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீல் உங்கள் பக்கம் இருக்கும். ஊசி கழற்றக்கூடிய கீலென்றால் அடியிலிருந்து ஆணி வைத்து மேல்நோக்கித் தட்டி எடுத்து, கதவைக் கீல் பக்கமாக விலக்கலாம். நம் கடைகளில் விற்கும் கீல்களில் பல, ஊசியின் இரண்டு முனையையும் அடித்து மூடியவை, கழலாது. அப்போது சாவி போடுபவரைக் கூப்பிடுவதுதான் மலிவு. அவர் சிலிண்டரை மட்டும் துளைத்து எடுப்பார், கதவும் பூட்டின் உடம்பும் தப்பும். இடம் உங்களுடையது என்பதற்கு ஏதாவது காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்பவர்தான் நல்ல ஆள்.

18. "உள்ள ஆள் இருக்கும்போது மாட்டிக்கிச்சுன்னா?"

உள்ளே இருப்பவர் பதறாமல் குமிழைத் திருப்பிக்கொண்டு கதவை அசைக்க, வெளியே இருப்பவர் தூக்கிக் கொடுக்க, பெரும்பாலும் திறந்துவிடும். ரிம் லாக் என்றால் அவர் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தாலே போதும், நிலையில் இருக்கும் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிடலாம். புகையோ, காஸ் கசிவோ, உடம்புக்கு முடியாதவரோ உள்ளே இருந்தால் யோசிக்காமல் 101க்கோ 112க்கோ அழையுங்கள்.

இந்தக் கேள்வி வந்தாலே நான் திருப்பிக் கேட்பது, உள்பக்கம் குமிழா, அங்கேயும் சாவியா என்பதுதான். திருடன் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறந்துவிடுவான் என்று இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டை மாட்டுகிறார்கள். ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கு அது ஆகாது. தீ பிடித்த நேரத்தில் சாவி மேஸ்திரி பாக்கெட்டில் இருக்கும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் தீ ஆபத்திலிருந்து தப்பும் வழிக்கென்றே 38ஆம் பிரிவை வைத்தார்கள். பட்டறை சின்னதென்பதற்காகத் தீ சின்னதாக எரியாது. ஆட்கள் இருக்கும் வாசலுக்கு உள்பக்கம் குமிழ்தான்.

19. "இந்த வம்பே வேண்டாம். ஆல்ட்ராப் போட்டுத் திண்டுக்கல் பூட்டு தொங்கவிட்டுடறேன்."

மோசமான யோசனை இல்லை. ஆல்ட்ராப் என்பது கம்பியைத் தள்ளி, வெளியே பூட்டு தொங்கவிடும் பெரிய தாழ்ப்பாள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு லீவர் முறையில் வேலை செய்வது, 'பின் சிலிண்டர்' பூட்டைவிடத் தூசியை நன்றாகவே தாங்கும். கதவு இரண்டு மி.மீ. இறங்கினாலும் ஆல்ட்ராப் கம்பியை ஆட்டித் தள்ளிவிடலாம். தூசி அதிகமான மரப்பட்டறைக்கு நானே பல பேருக்கு இதைச் சொல்வேன்.

குறை இரண்டு. வெளியே தொங்குவதால் கட்டர் வைக்க இடம் கொடுக்கிறது. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே யாராவது தெரியாமல் பூட்டிவிட்டுப் போகலாம். பின்வாசலே இல்லாத பட்டறைக்கு இந்த இரண்டாவது பெரிய குறை.

20. "எல்லாம் பாத்தாச்சு, பூட்டுதான் போச்சு. புதுசு வாங்க என்ன அளவு கொண்டுவரணும்?"

கதவு விளிம்பிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரைக்குமான தூரம் முதலில் வேண்டும். வட்டத் துளை ரகத்தில் இது 60 அல்லது 70 மி.மீ. இருக்கும். அடுத்தது கதவின் கனம், பெயிண்ட்டோடு சேர்த்து. சிலிண்டர் மட்டும் மாற்றுவதென்றால் அதன் முழு நீளமும், நடு ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து இரண்டு முனைக்கும் எவ்வளவு என்பதும். கதவு வெளியே திறக்கிறதா உள்ளே திறக்கிறதா, கீல் இடமா வலமா என்பதையும் சொல்லுங்கள், ரிம் லாக்கில் இது மாறினால் பூட்டே மாறும்.

இதெல்லாம் தலைவலி என்றால் பழைய பூட்டைக் கழற்றி, நிலைத் தகடு, ஸ்க்ரூ எல்லாவற்றோடும் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். கழற்றிய ஓட்டை வழியாக ராத்திரி எலி வராமல் துணியை அடைத்துவிட்டு வாருங்கள்.